ஆடு பட்டியலில் இல்லை

எடுக்கக் கூடாது. எடுத்தால் ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிடுவேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராகச் சேர்ந்த இந்தப் பதின்மூன்று வருடங்களில் என் வாய்க்கு நன்றாகப் பழகிப்போன சொல் அதுதான். எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார் என்று புரிவதற்கு முன்பே அது வந்து நிற்கும்.

வாசலில் போட்ட கட்டிலின் மேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்கிறது. முருகானந்தம் சார். எங்கள் ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பாளர். நான்காவது முறை கூப்பிடுகிறார். என் முன்னால் தரையில் தனப்பிரியா உட்கார்ந்திருக்கிறாள், இடது காலை மடக்கியபடி. சற்று முன் அதை நீட்டிப் பார்த்தேன். பாதி வரை வந்து நின்றுவிட்டது. அந்தப் பிடிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதே கையால்தான் கைபேசியை எடுக்கிறேன்.

“ஹலோ… ஆமாங்க சார், கண்ணாத்தாள்தானுங்க… கேக்குதுங்க, சொல்லுங்க… இல்லீங்க, ஹால்ல இல்லீங்க… பாத்ரூமுக்கும் போகலீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டப்பவே கிளம்பிட்டன்… ஆமாங்க, சொல்லாமத்தான் வந்தன். சொல்லிருந்தா விட்டுருப்பீங்களா?… பையா? பையி அங்கதான் இருக்குது. நாற்காலியில வெச்சிருந்தா ஆள் இருக்கறாப்பல இருக்குமுன்னு… ஆமாங்க, தப்புத்தான்.”

“…பயிற்சி முடிஞ்சு எழுதற பின்தேர்வுங்களா? எழுதிட்டனுங்க. பஸ்ல உக்காந்து லிங்க்கைத் திறந்து எழுதிட்டன். இருவதுக்குப் பத்தொம்பது… ஆமாங்க. அதுல ஒரு கேள்வி, ‘குழந்தையை எங்கு வைத்து மதிப்பிட வேண்டும்’னு. ‘அதன் வீட்டுச் சூழலில்’னு போட்டன். சரின்னு மார்க் குடுத்துட்டாங்க. அதைத்தானுங்க சார் இப்பப் பண்ணிட்டு இருக்கறன். அதுக்கு நீங்க வையறீங்க.”

“…தனப்பிரியா ஊட்லீங்க. கல்லாங்கரட்டுல… நம்ம பட்டியல்ல இருவத்தி மூணாவது பேருங்க சார். பத்து வயசு. மூளை முடக்குவாதம். அப்பன் போர் போடற ரிக் வண்டியில வடக்க போயிருக்குது, அம்மா கோகிலவாணி… ஆமாங்க, போன வருசம் நம்மகிட்ட இருந்த புள்ளைதான்… ஆமாங்க. அதேதான். ஆடு.”

“…சிரிக்காதீங்க சார்.”

நானா சொன்னேன்? எனக்கே கேட்டது. அவர் பின்னால் பயிற்சி அரங்கின் ஒலிபெருக்கி எதையோ இரைகிறது. ‘உள்ளடக்கிய’ என்ற ஒரு சொல் மட்டும் பிரிந்து வந்து விழுகிறது.

“லைன்லதானுங்க இருக்கறன்… தெரியுங்க சார், அஞ்சு மணிக்கு மார்க் ஏத்தற செயலி மூடிரும். குரூப்புல பாத்தன். எதைத்தான் குரூப்புல பாக்கல? திங்கக்கிழமை ஒரு சுற்றறிக்கை, ஊட்டுக்குப் போயி புள்ளையோட போட்டோ எடுத்து ஏத்தோணும்னு. செவ்வாக்கிழமை இன்னொண்ணு, கொள்கை மாறிருச்சு, போட்டோ வேண்டாம், இடம் மட்டும் பதிவானாப் போதும்னு. புதங்கிழமை இடமும் வேண்டாமுன்னு. அன்னைக்கு ராத்திரியே இன்னொண்ணு, கடைசி நாள் முப்பதாந் தேதி இல்ல, நாளைக்கேன்னு. இந்த நாலு நாளும் எங்க நாப்பது பேத்தையும் ஒரே ஹால்ல அடைச்சு வெச்சு, ஊட்டுக்குப் போயி எப்படிப் பாக்கறதுன்னு திரையில படம் ஓட்டறீங்க. எப்பங்க சார் ஊட்டுக்குப் போறது?… உங்களைச் சொல்லலீங்க. மேல இருந்து வாரதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க… சரிங்க… சரிங்க…”

பார், வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக.

முருகானந்தம் சார் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் பெண்களுக்குப் பேருந்து தவறினால் தன் வண்டியில் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். அவருடைய கைபேசியும் இப்படி அதிரும். அதில் வேறொரு பெயர் வரும், அதற்கு அவரும் சரிங்க சார் என்பார். அப்படியே மேலே மேலே போகும். கடைசியில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கீழே கடைசியில் யார் என்று தெரியும். சிவப்பு வளையத்தை மஞ்சள் குச்சியில் கோர்க்க முடியாமல் இதோ முகத்தைச் சுளிக்கிறாள்.

“இல்ல சாமி, உன்னையச் சொல்லல. நீ பாட்டுக்குக் கோரு. அது அந்தக் குச்சி இல்ல, பக்கத்துல… ஆங், அதுதான்… இல்லீங்க சார், புள்ளைகிட்டப் பேசினன். சொல்லுங்க.”

“…இருவத்திரண்டு போட்டாச்சுங்க. இது ஒண்ணுதான் பாக்கி… ஆமாங்க, இந்த ஒண்ணாலதான் நம்ம ஒன்றியம் நூறு சதவீதம் ஆகாம நிக்குது, காலையில இருந்து அதைத்தானுங்களே மைக்குல சொல்றீங்க… போன வருசத்து மார்க்கையே போட்டர்றதுங்களா? போன வருசம் எவ்வளவு தெரியுங்களா? நாப்பதுக்கு இருவத்தி நாலு… அதுல என்னவா? இருவத்தி நாலு எடுத்தா ‘பள்ளி செல்பவர்’. இருவத்தி மூணுன்னா ‘வீட்டுவழிக் கல்வி’. அதுதானுங்க சார் அதுல.”

“காலையில ஹால்ல உக்காந்துட்டு இவ பேரைத் திறந்தன். நானும் போன வருசத்து மார்க்கைப் போட்டு முடிச்சரலாமுன்னுதான் திறந்தன், பொய் சொல்லல. ‘பள்ளி செல்பவர்’னு பச்சை எழுத்துல நிக்குது. கீழ ‘வருகை நாள்கள்’னு ஒரு கட்டம். அதுல சைபர். ஜூன்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் கூட இல்லீங்க. ஏதோ தப்பா ஏறியிருக்குமுன்னு நெனச்சன். மனசு கேக்கல. வார வழியில பள்ளிக்கூடத்துல எறங்கிக் கேட்டன். அந்த டீச்சர் என்ன சொல்லுது, ‘அது ஊட்டுவழிப் புள்ளைதானுங்களே மேடம், நீங்கதான பாக்கறீங்க’ன்னு. நாம என்ன நெனச்சோம், பள்ளிக்கூடத்துல பாக்கறாங்கன்னு. ரெண்டு பேரும் மத்தவங்க பாக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்துட்டோம். இவ பத்து மாசமா இந்தத் தரையில கெடந்துருக்கறா.”

“…நான் ஏன் வரலையா? போன ஜூன்ல எனக்கு மேக்க அஞ்சு ஊரை மாத்திக் குடுத்தது நீங்கதானுங்க சார். இந்த ஊரைப் பாத்துட்டு இருந்த தேவிப்ரியா ஜனவரியில நின்னுட்டா. அவ பட்டியல் என்கிட்ட வந்தே மூணு வாரந்தான் ஆகுது… ஆமா, மூணு வாரத்துல வந்துருக்கலாம். வந்துருக்கோணும். அதையும் சேத்துக்குங்க.”

எல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதாலேயே எனக்கு வாகாக இருக்கிறது. ஊரை மாற்றினார்கள், தேவிப்ரியா நின்றுவிட்டாள், சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வீசுகிறேன். வீச வீச ஒன்று மட்டும் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“காலுங்க சார். இடது கால். முட்டி நீள மாட்டேங்குது… சும்மா வீம்பு பண்றதெல்லாம் இல்லீங்க, நான் நீட்டிப் பாத்தன், அழுகறா. நரம்பு இழுத்துப் போச்சு. காலைத் தாங்கற காலிப்பர் மாட்டவே முடியல, அது ரெண்டு இஞ்சு சின்னதாவும் போச்சு… பிசியோதானுங்க சார் பாத்துட்டு இருந்தாரு. சிவபிரகாஷ் சார் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை இங்க வந்து, இதே வாசல்ல பாயைப் போட்டு நீவி விடுவாரு. ‘பள்ளி செல்பவர்’னு மாறுனதும் ஊட்டுக்கு வாரதை நிறுத்திட்டாங்க. மையத்துக்குக் கூட்டியாரச் சொன்னாங்களாம். மையம் எவ்வளவு தூரமுங்க? பதினெட்டு கிலோமீட்டரு. ரெண்டு பஸ் மாறோணும். பத்து வயசுப் புள்ளையை இடுப்புல தூக்கி வெச்சுட்டு அந்தம்மா நாலு வாரம் வந்துருக்குது. அஞ்சாவது வாரம் பஸ்ஸை விட்டு எறங்கறப்பப் புள்ளையோட விழுந்து மணிக்கட்டு பிசகிப்போச்சு. அதோட நின்னுது.”

“…யாருகிட்டச் சொல்லியிருக்கலாம்? எந்த நம்பருக்கு? இல்லீங்க, எனக்குத் தெரியாமத்தான் கேக்கறன்… அந்தம்மா என்ன நெனச்சுட்டு இருந்துருக்குது தெரியுங்களா? பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவை வர முடியாமப் போச்சாம். அதுல டீச்சர் கோவிச்சுட்டு பிசியோ சாரை நிறுத்திப்போட்டாங்கன்னு. என்னைய வாசல்ல பாத்ததும் மன்னிப்புக் கேக்குது சார். என்கிட்ட.”

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. தனப்பிரியா வளையத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். கட்டிலை விட்டு எழுந்து நாலடி தள்ளி ஆட்டுப் பட்டியின் ஓரம் போகிறேன். பட்டிக்கு ஏற ஒரே ஒரு கல்படி. ஒரு முழம் கூட உயரமில்லை. தூரத்தில் மேட்டூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகை அசையாமல் நிற்கிறது. பட்டி காலி. கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

“அந்த இருவத்தி நாலு எப்படி வந்துச்சுன்னா கேக்கறீங்க? ஆடு ஞாபகமிருக்குது, மார்க்கு நெசமாவே ஞாபகமில்லீங்களா?… இல்லீங்க, நான் சொல்லித்தான் ஆகோணும். போன வருசம் இதே மாதிரி கடைசி நாளு. இதே மாதிரி ஹாலு. மத்ததெல்லாம் போட்டு முடிச்சு இருவத்திரண்டுல நிக்கறன், ஒரே ஒரு கேள்வி பாக்கி. ‘படி ஏறுகிறாரா?’ உதவியின்றின்னா ரெண்டு மார்க், உதவியுடன்னா ஒண்ணு, இயலாதுன்னா சைபர். நான் எந்திரிச்சுக் கேட்டன். ஏனுங்க சார், இந்தப் புள்ள ஆட்டோட முதுகைப் புடிச்சுட்டுப் படி ஏறுது, இதை எதுல சேக்கறதுன்னு. ஞாபகம் வருதுங்களா?… நீங்க கையேட்டைப் புரட்டுனீங்க. உதவின்னா ஒரு ஆளு, இல்லாட்டி பட்டியல்ல இருக்கற உபகரணம். ஊன்றுகோல், நடைவண்டி, கைப்பிடி. ‘ஆடு பட்டியல்ல இல்லீங்க மேடம், உதவியின்றின்னு போட்டுருங்க’ன்னு சொன்னீங்க. ஹாலே சிரிச்சுது.”

நானும் சிரித்தேன்.

அதுதான் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது. அவர் சொன்னதற்குச் சிரித்தேன் என்றால்கூட விட்டுவிடலாம். சிரிக்க வைத்ததே நான்தான். அதற்குப் பதினைந்து நாள் முன்பு இந்தப் படிக்கு நேரே நின்று அதைப் பார்த்தேன். செவலை என்று ஒரு ஆடு. மேச்சேரி இனம், கொம்பில்லாத தலை, முதுகில் வழவழவென்று குட்டை மயிர். தனப்பிரியா அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். ஆடு காதை ஆட்டியபடி அசையாமல் நின்றது. அவள் வலது காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தாள். இடது கால் வரவில்லை. ஆடு ஒரு அடி முன்னால் போயிற்று, அந்த இழுப்பிலே இடது காலும் மேலே வந்துவிட்டது. படிமேல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கண் நிறைந்துபோயிற்று. அதை யாரிடமும் சொல்லாமல் என்னோடு வைத்திருந்திருக்கலாம். நாற்பது பேர் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று அதை எடுத்து நடுவில் வைத்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு என்று சொல்லும்போது கையை வேறு அப்படி வைத்துக் காட்டினேன்.

“…ஆமாங்க. அமுத்துனது என் விரல்தான். நீங்க சொன்னீங்க, நான் அமுத்துனன், நீங்க ஒப்புதல் குடுத்தீங்க. அந்த வருசமும் நம்ம ஒன்றியம் நூறு சதவீதம். மேடையில ஏத்தி எனக்கு ஒரு கேடயம் குடுத்தீங்க. ஊட்ல டிவிக்கு மேல வெச்சுருக்கறன்… குத்திக் காட்டலீங்க சார். வாங்குனது நான்தான.”

“செவலைக்கும் அப்பவே ஒரு நம்பர் போட்டுப் பட்டியல்ல ஏத்தியிருந்தா இந்தப் புள்ளைக்கு ஒரு மார்க் கொறைஞ்சிருக்கும். பிசியோ வந்துருப்பாரு… அந்த ஆடா? இல்லீங்க. ஆடிக்கு வித்துட்டாங்களாம். அந்தம்மா கை பிசகி வேலைக்குப் போகாம இருந்துச்சுல்ல, அப்ப.”

அவர் குரலைத் தணித்துப் பேசுகிறார். அரங்கை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், ஒலிபெருக்கி இப்போது கேட்கவில்லை.

“…சொல்லுங்க சார்… ம்… ம்… இன்னைக்கு எவ்வளவு வருதா? எல்லாத்தையும் உக்காத்தி வெச்சுக் கேட்டாச்சுங்க. பதினேழு… ஒண்ணு ஏழு, பதினேழு. படிக்கு சைபர் போட்டுருக்கறன். நிக்கறதுக்கும் சைபர்… இன்னும் அனுப்பலீங்க. அனுப்பற பக்கத்துலதான் நிக்குது, அப்பத்தான் நீங்க கூப்பிட்டீங்க… ம்… ‘பின்னடைவு’ன்னு சிவப்பு விழுமுங்களா… விழட்டுமுங்க. முன்னாடி போகல சார் அந்தப் புள்ள, பின்னாடிதான் போயிருக்குது. அப்பறம் என்ன நெறத்துல விழோணும்?… விளக்கம் கேப்பாங்களா? எழுதறன்… என்ன எழுதறதா? நடந்ததை எழுதறது… ஆமாங்க, உங்க பேரும் வரும்… என் பேருக்குக் கீழதான் வரும், மேலயா வரும்? மேல என் பேருதான.”

“…புதுக் கொள்கையா? எது, எந்தப் புள்ளையும் போன வருசத்தை விடக் கீழ போகக் கூடாதுங்கறதா? அதை அந்தப் புள்ளையோட கால்கிட்டச் சொல்லுங்க சார், அதுதான் சுற்றறிக்கை படிக்காம இருந்துருச்சு… கிண்டல் பண்ணலீங்க… எனக்குக் கிண்டல் பண்ற தெம்பு இல்ல.”

“…ஒப்பந்தம் மே மாசத்தோட முடியுது. தெரியுங்க… யாரு விளக்கம் குடுக்கற நெலமையில இருக்கறாங்களோ அவங்களுக்குப் புதுப்பிக்க மாட்டாங்க… ம்… மெரட்டறீங்களா சார்?… இல்லீங்க, சரி, மெரட்டல. எனக்கு நல்லதுதான் சொல்றீங்க. பதிமூணு வருசமா எனக்கு நல்லதுதான் சொல்லிட்டு இருக்கறீங்க.”

கல்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். என் மகள் ராசிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். மே மாதம் என்றதும் அவள் முகம்தான் வந்தது, தனப்பிரியாவின் கால் வரவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன். என் கோபம் எவ்வளவு தூரம் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

“…என்னுங்க? மறுபடி சொல்லுங்க… சனிக்கிழமை சனிக்கிழமையா… சிவபிரகாஷ் சாரா… இங்கயேவா?… நீங்க சொன்னா வந்துருவாரு, தெரியுங்க… இந்தச் சனிக்கிழமையில இருந்தே…”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய மார்க்கையே போட்டுவிடு என்கிறார். ஒன்றியம் நூறு ஆகட்டும். சிவபிரகாஷை நான் சொந்தமாகச் சொல்லி அனுப்புகிறேன், பதிவில் வராது, யாருக்கும் தெரியாது, புள்ளைக்குக் கால் சரியானால் சரிதானே. அவர் குரலில் கபடம் இல்லை. உண்மையிலேயே அனுப்புவார். என் கோபம் சட்டென்று கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறது. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். இரண்டே நாளில் அந்தக் காலை ஒருவர் நீவிவிடுவார். நான் உண்மையை எழுதினால் சிவப்பு விழுந்து, விளக்கம் போய், மாநிலத்தில் யாரோ பார்த்து, ஆணை வந்து, எத்தனை மாதமோ. நான் எதற்காகச் சண்டை போடுகிறேன்? அவள் காலுக்காகவா, அந்தச் சிரிப்பைக் கழுவிக்கொள்ளவா?

“…இருக்கறனுங்க. யோசிக்கறன்… சார், ஒண்ணு கேக்கட்டுங்களா. எத்தனை நாளைக்கு வருவாரு?… ஜூன் வரைக்கும்… அதுக்கப்பறம்?… உங்களுக்கு ஜூன்ல மாறுதல் வருதுங்களா. அது எனக்குத் தெரியாது… சரி, உங்களுக்கு அப்பறம் வாரவரு செயலியைத் திறந்தா என்ன இருக்கும்? பச்சையா இருக்கும். ‘பள்ளி செல்பவர்’. காலிப்பர் அளவெடுக்க வர மாட்டாங்க, முகாமுக்குக் கூப்பிட மாட்டாங்க. சிவபிரகாஷ் சாருக்கு ஒரு சனிக்கிழமை காய்ச்சல் வந்தா, ஏன் போகலைன்னு அவரைக் கேக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க… நம்பிக்கை இல்லாம இல்லீங்க. உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்க. போன வருசமும் அந்த நம்பிக்கையிலதான் அமுத்துனன்.”

“இன்னொண்ணுங்க. நேத்துப் போட்டதுல எட்டுப் பேரை நான் போயிப் பாக்கலீங்க. ஹால்ல உக்காந்து போட்டன்… மத்தவங்களும் அப்படித்தான், தெரியுமுங்க. என்னோட எட்டை மட்டும் திறந்து விடுங்க… பைத்தியமெல்லாம் புடிக்கல. எட்டு ஊட்லயும் எந்தப் புள்ள எதைப் புடிச்சுட்டு நிக்குதோ எனக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை சேத்து நாலு நாள்ல பாத்துருவன்… கத்தாதீங்க சார். காது கேக்குதுங்க… கத்துனா நானும் கத்துவன். எனக்கும் தொண்டை இருக்குது. இத்தனை வருசமா அதைச் சரிங்க சார் சொல்லவே வெச்சுட்டு இருந்தன்… இருங்க சார், நான் பேசி முடிச்சர்றன். படிக்கு மார்க் போட்டீங்களே, அந்தப் படி எப்படி இருக்குதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? நான் அது மேலதான் உக்காந்துருக்கறன். ஒரு முழங்கூட இல்ல. அந்த ஒரு முழத்தை ஏறுனதுக்குத்தான் அவளுக்கு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டோம். ஏறாம இருந்துருந்தா நல்லா இருந்துருப்பா.”

சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். கோகிலவாணி வாசற்படியில் நிற்கிறாள். கையில் ஒரு டம்ளர் மோர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மோரின் மேல் தூவிய கொத்தமல்லி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, டம்ளரைச் சாய்த்துப் பிடித்தபடி அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஆடு என்று சொன்னதைக் கேட்டிருப்பாள். அமுக்கியது என் விரல் என்று நான் சொன்னதையும் கேட்டிருப்பாள்.

“…ஒரு நிமிசம் இருங்க சார்… கோகிலா… அம்மணி, நான் சொல்லோணும்னுதான் வந்தன். வந்த உடனே சொல்லியிருக்கோணும். நீ கூட்டத்துக்கு வராததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உன் மேல ஒரு தப்புமில்ல. நான் எழுதுனது… நான் எழுதுன ஒரு மார்க்கு.”

அவள் டம்ளரைக் கட்டிலின் விளிம்பில் வைத்தாள். என் பக்கம் நகர்த்தவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டும் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக ஆறாத அந்தக் கையால் இடது முட்டியின் கீழே நீவத் தொடங்கினாள். மேலிருந்து கீழாக, பெருவிரலை அழுத்தி. சிவபிரகாஷ் செய்வதை நின்று பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பார்த்ததில் ஒரு பாதி. மறுபாதி அவளுக்குத் தெரியவில்லை, அவள் என்ன செய்வாள்.

“…ஹலோ… ஆமாங்க, இருக்கறன்… அவங்கம்மாதான்… கேட்டுருச்சுங்க, எல்லாமே கேட்டுருச்சு… எதுக்கு சார் அவங்ககிட்ட ஃபோனைக் குடுக்கோணும்? அவங்களுக்கும் நல்லது சொல்லப் போறீங்களா?”

“…மணி நாலே முக்காலுங்க… நான் அனுப்ப வேண்டாமா… நீங்களே அலுவலகத்துல இருந்து என் பேர்ல உள்ள போயிப் போட்டுக்கறீங்களா… எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிருமா… என்ன வேணுங்க?… ஓ.டி.பி.யா.”

கைபேசி காதில் இருக்கும்போதே அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். வந்துவிட்டது. ஆறு எண்கள். பத்து நிமிடம் செல்லும் என்று போட்டிருக்கிறது. நான் எதையும் அமுக்க வேண்டியதில்லை. பொய் எழுத வேண்டியதும் இல்லை. வாய் திறந்து ஆறு எண்களைப் படித்தால் போதும், மே மாதம் தாண்டிவிடும், அவர் நிம்மதியாக மைக்கைப் பிடிப்பார். பதின்மூன்று வருடமாக நான் செய்துவந்தது இவ்வளவுதான், இதைவிட அதிகம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

தனப்பிரியா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு வளையத்தை என் பக்கம் நீட்டுகிறாள். சிவப்பு. கோர்த்துக் கொடுக்கச் சொல்கிறாளா, வைத்துக்கொள்ளச் சொல்கிறாளா. வாங்கிக்கொள்கிறேன்.

“…வந்துருச்சுங்க சார்… தெரியுதுங்க, ஆறு எண்தான்…”

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தொண்டையில் தேடுகிறேன், இல்லை. அந்தப் பழைய சொல் நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது, எப்போதும் போலத் தயாராக. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“…இல்லீங்க சார்… இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல… ஹால்ல என் பையி இருக்குது, அதை மட்டும் காவலாளிகிட்டக் குடுத்துருங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கறன்… ஆமாங்க. பதினேழுதான் போகுது. இப்ப அனுப்பறன்… நம்பருங்களா?”

“நம்பர் சொல்ல மாட்டனுங்க சார்.”